வில்லா என்றால் என்ன? லோரென்சோவின் பண்ணையும் வேட்டைக்காடும்

ஞாயிற்றுக்கிழமை நாளிதழைப் புரட்டினால் பக்கத்துக்கு ஒரு ‘வில்லா’ விளம்பரமாவது கண்ணில் படும். மூன்று படுக்கையறை, கார் நிறுத்த இடம், வாசலில் அலங்காரத்துக்கு இரண்டு தூண். சுவரை ஒட்டினாற்போல் அடுத்த வில்லா, அதை ஒட்டி இன்னொன்று. ஒன்றரை கிரவுண்டுக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

15ஆம் நூற்றாண்டு இத்தாலிக்காரர் ஒருவரிடம் இந்த விளம்பரத்தைக் காட்டினால் அவர் கேட்கும் முதல் கேள்வி, “சரி, நிலம் எங்கே?” என்பதாகத்தான் இருக்கும்.

மறுமலர்ச்சிக் கால வில்லாக்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தூண்களையும் ஓவியங்களையும் தோட்டத்து நீரூற்றுகளையும் பற்றிப் பேசுகிறார்கள். ‘வேட்டை மாளிகை’ என்ற பெயரைக் கேட்டால் காட்டுக்குள் மறைந்திருக்கும் சின்ன ஓய்வு விடுதி மனத்தில் வருகிறது. இரண்டும் பாதிதான் சரி. மீதிப் பாதி புரிய வேண்டுமென்றால் கட்டடத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, அதைச் சுற்றியிருந்த மாட்டுத்தொழுவத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப் போவது, புளோரன்ஸ் நகரிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் போஜ்ஜோ அ கயானோ என்ற ஊரில் மெடிசி குடும்பம் கட்டிய வில்லா. ‘போஜ்ஜோ’ என்றால் மேடு. சுற்றிலும் சமவெளி, நடுவில் ஒரு சிறு மேடு, அடியில் ஒம்ப்ரோனே ஆறு.

முதலில் சொல்

வில்லா என்பது லத்தீன் சொல். பழைய ரோமானியர்கள் அதை ஊருக்கு வெளியே இருந்த பண்ணைக்கும், அந்தப் பண்ணையில் இருந்த வீட்டுக்கும் சேர்த்தே சொன்னார்கள். ஆங்கிலத்தில் கிராமத்தைக் குறிக்கும் ‘வில்லேஜ்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

ரோமானியர்கள் இதில் ஒரு பிரிவினை வைத்திருந்தார்கள். உழவு, அறுவடை, எண்ணெய், திராட்சை மது என வேலை நடக்கும் பகுதி ஒன்று. முதலாளி வந்தால் தங்கும் பகுதி மற்றொன்று. ஒரே நிலத்தில் இரண்டும் இருக்கும். நகரத்து வேலைகளுக்கு ஒரு சொல்லும், அதிலிருந்து விலகிப் படிப்பு, பேச்சு, உலாவல் என்று கழிக்கும் நேரத்துக்கு ஒரு சொல்லும் லத்தீனில் உண்டு. இந்த இரண்டாவது வகை நேரத்தை ‘ஓத்தியம்’ என்றார்கள். வெறும் சோம்பல் என்று இதற்குப் பொருள் இல்லை. அலுவல் இல்லாத, ஆனால் வீணாகாத நேரம். கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த இளைய பிளினி தன் வில்லாக்களைப் பற்றி எழுதிய கடிதங்கள், எந்த அறையில் எப்போது வெயில் விழும் என்பது வரைக்கும் சொல்பவை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்து இத்தாலியப் பணக்காரர்கள் அவற்றைத் தேடித் தேடிப் படித்தார்கள்.

எளிதாகப் புரிந்துகொள்ள ஒரு ஒப்பீடு. டவுனில் கடை வைத்திருக்கும் ஒருவருக்குப் பக்கத்துக் கிராமத்தில் வயலும் தோப்பும் இருக்கின்றன. தோப்பில் ஒரு வீடு. அறுவடைக்குப் போய் நெல்லை அளந்து வாங்குவார். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு போய் மாம்பழம் சாப்பிடுவார். டவுனில் காய்ச்சல் பரவினால் பிள்ளைகளை அங்கே அனுப்பிவைப்பார். அந்த வீட்டை ‘ஓய்வு வீடு’ என்று சொன்னால் தப்பில்லை. ஆனால் தோப்பும் வயலும் இல்லாவிட்டால் அந்த வீடே இருந்திருக்காது. மெடிசிகளின் வில்லா இதே கணக்குத்தான். அளவு மட்டும் மிகப் பெரியது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வில்லா என்பது வருமானம் தரும் நிலம். அதன் நடுவே முதலாளி வந்து தங்கும் வீடு.

வங்கிக்காரருக்கு எதற்கு வயல்?

மெடிசி குடும்பத்தின் பூர்வீகம் புளோரன்ஸுக்கு வடக்கே இருக்கும் முஜெல்லோ மலைப்பகுதி. 1397இல் ஜொவான்னி டி பிச்சி தொடங்கிய வங்கிதான் அவர்களை ஐரோப்பா அறிந்த குடும்பமாக்கியது. கடன் கொடுத்த அரசர் திருப்பித் தராமல் போகலாம். தூர நகரத்துக் கிளையின் மேலாளர் கணக்கில் ஓட்டை போடலாம். வயல் அப்படியெல்லாம் ஓடிப்போகாது. வட்டித் தொழிலைத் திருச்சபை பாவமென்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு மரியாதையும் கூடுதல். குடும்பத்தின் மூன்றாம், நான்காம் தலைமுறையில் வங்கி தளர்ந்துகொண்டே வந்து, கடைசியில் 1494இல் சாய்ந்தது. அந்தத் தளர்ச்சிக் காலத்தில்தான், புளோரன்ஸ் அரசியலைக் கையில் வைத்திருந்த லோரென்சோ மெடிசி போஜ்ஜோவில் நிலம் வாங்கிக் குவித்தார்.

நிலத்தை யார் உழுதார்கள்? புளோரன்ஸைச் சுற்றியுள்ள டஸ்கனிப் பகுதியில் ‘மெட்சாத்ரியா’ என்ற முறை இருந்தது. நம் பேச்சில் சொன்னால் பாதி வாரம். நிலமும் வீடும் முதலாளியுடையவை, உழைப்பு குடியானவக் குடும்பத்துடையது, விளைந்ததில் ஆளுக்குப் பாதி. பெரிய பண்ணைகளில் முதலாளிக்கும் குடியானவருக்கும் நடுவே ஒரு காரியஸ்தர் இருந்து கணக்குப் பார்ப்பார். நகரத்திலிருந்து முதலாளி திடீரென்று வந்து இறங்கக்கூடும் என்ற பயம் இந்த ஏற்பாட்டுக்குத் தேவைப்பட்டது. வில்லாவின் மொட்டைமாடியிலிருந்தும் திறந்த முகப்பிலிருந்தும் வயல்கள் தெரிவது அழகுக்காக என்றுதான் நாம் இன்று நினைக்கிறோம். களத்துமேட்டில் நிற்பவரின் கண்ணுக்கு வேறு ஒன்று தெரிந்திருக்கும்: மேலே முதலாளி நிற்கிறார்.

கோட்டையிலிருந்து வீட்டுக்கு

மெடிசிகளின் பழைய வில்லாக்களைப் பார்த்தால் வில்லா என்றே தோன்றாது. முஜெல்லோவில் இருக்கும் ட்ரெபியோவும் கஃபஜ்ஜோலோவும் கோபுரமும் மதிற்பல்லும் வைத்த கோட்டைகள். 15ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலும் நடுவிலும் மிக்கெலோட்சோ என்ற கட்டடக் கலைஞர் அவற்றைச் சீர்செய்தபோதும் அந்தக் கோட்டைத் தோற்றம் போகவில்லை. சுற்றிலும் காடு, வேட்டைக்கு வசதி, ஆபத்து வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

அடுத்த படி கரெஜ்ஜி. நகரத்துக்கு மிக அருகில். வங்கி தொடங்கிய ஜொவான்னியின் மகன் மூத்த கோசிமோ 1464இலும் அவர் பேரன் லோரென்சோ 1492இலும் அங்கேதான் இறந்தார்கள். பிளேட்டோவை லத்தீனில் மொழிபெயர்த்த மார்சிலியோ ஃபிச்சினோவுக்கு கோசிமோ அந்தப் பக்கத்திலேயே ஒரு வீடு கொடுத்திருந்தார். ஓத்தியம் என்று ரோமானியர்கள் சொன்னதை மெடிசிகள் பயின்று பார்த்த இடம் இது.

அதற்கும் அடுத்த படியாக, 1450களில் ஃபியெசோலே மலைச்சரிவில் கோசிமோவின் மகன் ஜொவான்னிக்காக ஒரு வில்லா எழுந்தது. கோபுரமில்லை, அகழியில்லை. செங்குத்தான சரிவில் மண் சுமந்து மேடை கட்டி, நகரம் முழுவதும் தெரியும்படி நிறுத்தினார்கள். விளைச்சலை விட்டுக்கொடுத்து, காட்சிக்காகவே இடத்தைத் தேர்ந்தெடுத்த வில்லா என்று இதைச் சொல்வதுண்டு. இன்றைய ‘வியூ உள்ள வீடு’ என்ற ஆசைக்கு ஒரு முன்னோடி என்று வைத்துக்கொள்ளலாம்.

போஜ்ஜோ: முதலில் மாடு, பிறகு மாளிகை

லோரென்சோ 1474இல் ஜொவான்னி ருசெல்லாயிடமிருந்து போஜ்ஜோ அ கயானோ சொத்தை வாங்கினார். அதற்கு முன்னால் அது பல்லா ஸ்ட்ரோட்சியிடம் இருந்தது. இவர் மூத்த கோசிமோவின் எதிரி. 1434இல் நாடு கடத்தப்பட்டவர். வீழ்ந்த எதிரியின் நிலம் கைமாறிக் கைமாறித் தன்னிடம் வந்ததில் லோரென்சோவுக்கு ஒரு மனநிறைவு இருந்திருக்காதா என்ன?

வாங்கியதும் மாளிகை கட்ட ஆரம்பிக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பால்பண்ணை கட்டினார். இன்று ‘காஷினே டி தவோலா’ என்று அழைக்கப்படும் இடம். மிக்கேலே வெரினோ என்ற புளோரன்ஸ் இளைஞர் அந்நாளில் எழுதிய கடிதம் ஒன்று அந்தப் பண்ணையைக் கண்முன் நிறுத்துகிறது. உயர்ந்த மதில், ஆழமான அகழி, நான்கு கோபுரம் என்று பார்வைக்குக் கோட்டை மாதிரி. உள்ளே போனால் மாட்டுத்தொழுவம்! சுத்தமாக இருக்க வேண்டும் என்று தரைக்குக் கல் பாவியிருக்கிறார்கள். அந்த மாடுகளின் பாலிலிருந்து வரும் பாலாடைக்கட்டி நகரத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் போதுமாம். இனி லொம்பார்டியிலிருந்து வரவழைக்க வேண்டாம் என்கிறார். பாலாடைக்கட்டி எடுத்த பிறகு மிஞ்சும் தெளிநீரைப் பன்றிகளுக்கு ஊற்றுகிறார்கள். அவை கொழுத்துப் பெரிதாக வளர்கின்றன. முசுக்கொட்டை மரங்களை அவ்வளவு நட்டிருப்பதால் சீக்கிரமே பட்டு விலை குறையலாம் என்று ஒரு நம்பிக்கை. காடைகளும் நீர்ப்பறவைகளும் ஏராளம். அலைச்சல் இல்லாமலே பறவை வேட்டை ஆடலாம். காட்டில் விடுவதற்கென்று சிசிலியிலிருந்து மயில் வரவழைத்தார் லோரென்சோ.

இந்தக் கடிதத்தில் பண்ணையையும் வேட்டையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை, கவனித்தீர்களா? பாலாடைக்கட்டியைச் சொல்லிக்கொண்டே வந்தவர் அதே மூச்சில் காடைக்குப் போய்விடுகிறார். என்னைக் கேட்டால், மறுமலர்ச்சி வில்லாவைப் புரிந்துகொள்ள எந்தக் கட்டடப் படத்தையும்விட இந்தக் கடிதம் உதவும்.

மாளிகை வேலை 1485ஐ ஒட்டித்தான் தொடங்கியது. கலைஞர் ஜூலியானோ ட சங்கல்லோ. அதே 1485இல்தான் கட்டடக்கலை பற்றி லியோன் பத்திஸ்தா அல்பெர்த்தி எழுதிய நூல் புளோரன்ஸில் அச்சாகி வந்துகொண்டிருந்தது. லோரென்சோ அதை அச்சுத் தாள் தாளாக வாங்கிப் படித்தவர்.

கட்டடத்தில் என்ன புதுசு?

அடித்தளத்தைச் சுற்றி வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. அந்த வளைவுகளின் தலைமேல், கட்டடத்தைச் சுற்றி ஒரு அகலமான நடைமாடி. அதன் மேல்தான் குடும்பம் தங்கும் முதன்மைத் தளம். ஆக, வயல் மட்டத்திலிருந்து ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே வாழ்க்கை நடக்கும். சமையல், சேமிப்பு, வேலைக்காரர்கள் எல்லாம் கீழே.

முகப்பில் ‘லோஜ்ஜா’ இருக்கிறது. ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் தூண்களுமாகத் திறந்து கிடக்கும் தாழ்வாரம் என்று இதைச் சொல்லலாம். நம் திண்ணையைப் பெரிதாக்கி உயரத்தில் தூக்கி வைத்த மாதிரி. அதன் தலைமேல் முக்கோண முகடு. இதைப் பார்த்ததும் நமக்கு ஏதோ வங்கிக் கட்டடமோ நீதிமன்றமோ நினைவுக்கு வரும். நூறு தடவை பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் பழைய ரோமானியக் கோயிலின் முகப்பைக் கொண்டுவந்து ஒரு மனிதரின் பண்ணை வீட்டு வாசலில் ஒட்டியது அந்தக் காலத்தில் புதுமை. பின்னால் ஐரோப்பா முழுவதும் பரவிய பழக்கத்தின் ஆரம்பப் படிகளில் இது ஒன்று.

முகட்டுக்குக் கீழே சுடுமண்ணில் செய்து மெருகேற்றிய நீண்ட சிற்பப் பட்டை. நீலப் பின்னணியில் வெள்ளை உருவங்கள். காலம், பருவங்கள், மாதங்களுக்குரிய வயல் வேலைகள் அதில் வருகின்றன. வெளியே இப்போது இருப்பது நகல். மூலம் உள்ளே பத்திரமாக இருக்கிறது.

உள்ளே நடு மண்டபத்துக்கு ஒரு கதை உண்டு. கலைஞர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி சொல்வது. அவ்வளவு அகலமான கூடத்துக்குத் தூணே இல்லாமல் பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்த மாதிரி ஒரு கூரை போட முடியுமா என்று லோரென்சோவுக்குச் சந்தேகம். சங்கல்லோ வாதாடவில்லை. புளோரன்ஸில் தனக்குக் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் அதே மாதிரி ஒரு கூரையைப் போட்டுக் காட்டினார். அப்புறம்தான் லோரென்சோ சம்மதித்தார். முதலாளியின் பணத்தில் சோதனை செய்யாமல் தன் தலைக்கு மேலேயே செய்து பார்த்த பொறியாளரை எனக்குப் பிடித்திருக்கிறது.

1492இல் லோரென்சோ இறந்தபோது கட்டடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் எழுந்திருந்தது. இரண்டே ஆண்டில் குடும்பம் புளோரன்ஸை விட்டுத் துரத்தப்பட்டது. வேலை நின்றது. லோரென்சோவின் மகன் ஜொவான்னி 1513இல் பத்தாம் லியோ என்ற பெயரில் போப்பாண்டவர் ஆன பிறகுதான் மறுபடி சுத்தியல் சத்தம் கேட்டது. நடு மண்டபத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

சுருக்கமாக: பண்ணை முதலில், வீடு பிறகு. வீட்டின் வடிவம் ரோமைப் பார்த்தது. வீட்டின் கண் வயலைப் பார்த்தது.

வேட்டை என்ற வேலை

இப்போது வேட்டைக்கு வருவோம். ‘வேட்டை மாளிகை’ என்றதும் பொழுதுபோக்கு என்று நினைப்பது இயல்பு. பொழுதுபோக்குதான். லோரென்சோவே பருந்துகளை ஏவிக் கௌதாரி பிடிக்கும் ஒரு நாளைப் பற்றி வேடிக்கையான கவிதை எழுதியிருக்கிறார். அதில் நாய்களின் பெயர்களை வரிசையாக அடுக்குகிறார். ஒருவர் பருந்து இன்னொருவர் பருந்தைப் பிடித்துவிட, கூட வந்தவர்களுக்குள் சண்டை மூள்கிறது. கிரிக்கெட் ஆடப் போய்ச் சண்டை போட்டுத் திரும்பும் பையன்களின் தொனி.

ஆனால் வேட்டைக்கு வேறு பயன்களும் இருந்தன. குதிரையில் போகிறவருக்குத் தன் எல்லை எது, பாலம் எங்கே உடைந்திருக்கிறது, யார் நிலம் தரிசாகக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். தூதர்களையும் விருந்தாளிகளையும் அழைத்துப் போனால் சுவர்களுக்குக் காது இல்லாத இடத்தில் பேசலாம். போருக்குத் தேவையான குதிரையேற்றமும் பழகிக்கொள்ளலாம். கிடைத்த மானும் பன்றியும் பறவையும் அன்றிரவு விருந்து மேசைக்கு வந்துவிடும். மிச்சத்தைப் பரிசாக அனுப்பலாம். காட்டு இறைச்சியைப் பரிசாகப் பெறுவது அந்தக் காலத்தில் கௌரவம்.

முறைகளும் பலவிதம். காட்டுப்பன்றிக்கும் மானுக்கும் நாய்க்கூட்டம். வெட்டவெளியில் பருந்து. சின்னப் பறவைகளுக்கு வலை. இந்த வலைக்காகவே மரங்களை அடர்த்தியாக நட்டு வளர்த்தார்கள்; அந்தப் புதருக்கு ‘ரன்யாயா’ என்று பெயர். சிலந்திவலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மரங்களுக்கு நடுவே மெல்லிய வலையைக் கட்டிவிட்டால் பறந்துவரும் பறவை கண்ணுக்குத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும். இன்று பழைய வில்லாத் தோட்டங்களில் நிழலான சோலை என்று நாம் ரசிக்கும் சில இடங்கள் இப்படிப் பொறியாகத் தொடங்கியவை.

வேட்டைக்காடு சும்மா கிடந்த காடு அல்ல என்பதுதான் பலரும் தவறவிடுவது. அதற்கு ‘பார்கோ’ என்று பெயர்: வேலியோ சுவரோ எழுப்பி, உள்ளே விலங்குகளை வளர்த்து, மற்றவர்கள் வேட்டையாடத் தடை போட்ட நிலம். ஒரு விதத்தில் அதுவும் பண்ணைதான். மாட்டுக்குப் பதில் மான். வேட்டை மாளிகை என்பது அந்தப் பண்ணையின் களஞ்சியம். நாய்க்கும் குதிரைக்கும் கொட்டில், பெரிய சமையலறை, ஆட்கள் படுக்க அறைகள் இவைதான் அதற்கு முக்கியம். மேசை, திரைச்சீலை, படுக்கை எல்லாம் முதலாளி வரும்போது கோவேறு கழுதைகளில் ஏற்றிக்கொண்டு வரப்படும். போகும்போது திரும்பிப் போய்விடும். வருடத்தில் பெரும்பகுதி அந்த அறைகள் வெறிச்சென்று கிடந்தன.

அப்படியானால் வில்லாவுக்கும் வேட்டை மாளிகைக்கும் என்ன வேறுபாடு? கோடு மெல்லியது. வில்லாவுக்கு விளைநிலம் அடிப்படை, வேட்டை உடன் வருவது. வேட்டை மாளிகைக்கு வேட்டைக்காடு அடிப்படை, தங்குவது சில நாள். மெடிசிகளின் வீடுகளில் பல இரண்டு வேலையையும் செய்தன. போஜ்ஜோவும் அப்படித்தான்.

செருப்பை விட்டு பூட்ஸ் போட்ட போப்

பத்தாம் லியோவுக்கு வேட்டை என்றால் உயிர். ரோமுக்கு வெளியே, ஓஸ்தியா போகும் வழியில், மல்யானா என்ற இடத்தில் போப்புகளுக்கு ஒரு வேட்டை மாளிகை இருந்தது. அவருடைய சடங்கு அதிகாரி பாரிஸ் தே கிராசிஸ் தன் நாட்குறிப்பில் புலம்புகிறார்: போப் அங்கி ஒழுங்காக இல்லாமல், அதைவிட மோசமாக, காலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்புகிறாரே, பக்தர்கள் அவர் பாதத்தை எப்படி முத்தமிடுவார்கள்?

1521 நவம்பரில் லியோ அந்த மல்யானாவில் இருந்தபோதுதான் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து மிலான் மீண்ட செய்தி வந்தது. கொண்டாட்டத்தின் நடுவே குளிரும் காய்ச்சலும் கண்டது. ரோமுக்குத் திரும்பி, டிசம்பர் 1ஆம் தேதி இறந்தார். அந்தச் சாவு போஜ்ஜோவின் சுவர்களில் தெரிந்தது. மண்டபத்தில் வரைந்துகொண்டிருந்த அந்திரேயா தெல் சார்த்தோவும் ஃபிராஞ்சாபிஜ்ஜோவும் பொந்தோர்மோவும் பாதியில் நிறுத்திவிட்டுப் போனார்கள். அலெஸ்ஸாந்த்ரோ அல்லோரி வந்து மிச்சத்தைத் தொடங்க 1578 ஆயிற்று. முடிக்க அவருக்கும் நாலு வருடம் பிடித்தது.

முடிந்தவற்றுள் இரண்டைச் சொல்லாமல் போக மனமில்லை. தெல் சார்த்தோவின் ஓவியத்தில் ரோமானியச் சீசருக்கு விலங்குகளைக் காணிக்கையாகக் கொண்டுவருகிறார்கள். கூட்டத்தில் ஒரு ஒட்டகச்சிவிங்கி. 1487இல் எகிப்து சுல்தான் லோரென்சோவுக்கு அனுப்பிய ஒட்டகச்சிவிங்கியின் நினைவு அது. நகரமே அண்ணாந்து பார்த்த அந்த விலங்கு சில மாதத்தில் செத்துப்போனது. மற்றொன்று பொந்தோர்மோ வரைந்தது. சுவரின் உச்சியில், ஒரு வட்டச் சன்னலைச் சுற்றி. பெயரளவில் பருவங்களின் தேவனும் பழங்களின் தேவியும். பார்த்தால் வேலை முடிந்து மதிய நேரத்தில் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் கிராமத்து ஆட்கள்தான்: கூடையோடு ஒரு கிழவர், பக்கத்தில் ஒரு நாய், குட்டைச் சுவரில் கால் தொங்கவிட்டுச் சாய்ந்திருக்கும் இளைஞன். அந்தச் சுவரின் மறுபக்கம் நிஜ வயல்.

சுவரும் சதுப்பும்

16ஆம் நூற்றாண்டில் மெடிசிகள் டஸ்கனியின் ஆட்சியாளர்களாகவே ஆகிவிட்டார்கள். வேட்டை மாளிகைகளும் ஒரு வலைப்பின்னலாக வளர்ந்தன. அந்த ஆட்சியாளர்களில் ஒருவரான முதலாம் கோசிமோ (மூத்த கோசிமோ வேறு) 1560களில் ஃபுச்சேக்யோ சதுப்பு நிலத்துக்கு அருகே செர்ரேத்தோ குய்தியில் ஒன்றைக் கட்டினார். அங்கே நீர்ப்பறவையும் மீனும் ஏராளம். 1576இல் அவர் மகள் இசபெல்லா அந்த வீட்டில் இறந்தார். கணவர் கழுத்தை நெரித்தார் என்ற கதை இன்றும் உலவுகிறது; ஆய்வாளர்களில் சிலர் அதை ஏற்பதில்லை. இன்று அந்த வீடு வேட்டை வரலாற்று அருங்காட்சியகம்.

1587 அக்டோபரில் போஜ்ஜோவிலும் இப்படி ஒன்று. முதலாம் கோசிமோவின் மகனும் டஸ்கனியின் பெருங்கோமகனுமான பிரான்செஸ்கோ 19ஆம் தேதி இறந்தார்; மனைவி பியாங்கா கபெல்லோ மறுநாளே இறந்தார். வீட்டில் இருந்த தம்பி ஃபெர்டினாண்டோதான் அடுத்து ஆட்சிக்கு வந்தவர். ஊர் சும்மா இருக்குமா? விஷம் என்றார்கள். 2006இல் ஒரு ஆய்வுக்குழு ஆர்சனிக் தடயம் என்றது. 2010இல் வேறொரு குழு பிரான்செஸ்கோவின் எலும்பில் மலேரியாக் கிருமியின் தடயத்தைக் கண்டது. விஷக் கதையில் நாடகம் அதிகம். ஆனால் இந்தக் குடும்பத்துக்குச் சதுப்பு நிலத்துக் காய்ச்சல் புதிதல்ல. 1562இல் கடற்கரைச் சதுப்புகளின் வழியே போன ஒரு பயணத்தில் முதலாம் கோசிமோ தன் மனைவி எலெயொனோராவையும் இரண்டு மகன்களையும் சில வாரங்களில் இழந்தார். பறவை வேட்டைக்கு நல்ல இடம் எதுவோ, கொசுவுக்கும் நல்ல இடம் அதுதான். ‘மலேரியா’ என்ற சொல்லே ‘கெட்ட காற்று’ என்ற இத்தாலியச் சொற்சேர்க்கை.

ஃபெர்டினாண்டோ 1596இல் போஜ்ஜோவுக்கு எதிரே மலைமேல் அர்த்திமினோ வில்லாவைக் கட்டத் தொடங்கினார். புவொந்தலெந்தி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. கூரையில் விதவிதமாகப் புகைபோக்கிகள் நிற்பதால் ‘நூறு புகைபோக்கி வில்லா’ என்று ஊர்ப்பெயர். அந்த மலையைச் சுற்றியிருந்த காடுதான் ‘பார்கோ ரெயாலே’, அரச வேட்டைக்காடு. 1620களில் அதைச் சுற்றி ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்குக் கல்சுவர் எழுப்பினார்கள்.

சுவருக்குள்ளேயும் அருகேயும் உழுதவர்களின் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். இரவில் மானோ பன்றியோ வந்து பயிரை மேய்ந்துவிட்டுப் போகும். அதைக் கொன்றால் தண்டனை. விரட்டலாம், தொடக்கூடாது. பயிர் போனாலும் பாதி வாரக் கணக்கு பாதி வாரக் கணக்குதான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெடிசி வம்சம் முடிந்து புதிய ஆட்சி வந்த பிறகுதான் இந்தக் காட்டின் தனியுரிமை ஒழிந்தது. இப்போது ‘பார்கோ ரெயாலே’ என்ற பெயரை அந்த மலைச்சரிவில் தயாராகும் ஒரு திராட்சை மதுப் புட்டியின் மேல் பார்க்கலாம்.

வடக்கே ஒரு எட்டு

வில்லா என்றதும் பலருக்கு வெனிஸ் பக்கத்துக் கலைஞர் பல்லாதியோவின் ‘ரொத்தோந்தா’ நினைவுக்கு வரும். நாலு பக்கமும் கோயில் முகப்பு, நடுவில் குவிமாடம். அதுதான் வில்லாவின் இலக்கணம் என்று நினைத்துவிடுகிறோம். வேடிக்கை என்னவென்றால், 1570இல் வெளியிட்ட தன் நூலில் பல்லாதியோ அதை வில்லாக்களின் பகுதியில் சேர்க்கவில்லை. விசென்சா நகரத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் நகர மாளிகைகளோடு வைத்துவிட்டார். அவருடைய உண்மையான வில்லாக்களில், எமோ குடும்பத்துக்குக் கட்டியதைப் போல, நடுவில் வீடும் இருபக்கமும் சிறகு விரித்த மாதிரி நீளமான வளைவுத் தாழ்வாரங்களும் இருக்கும். அந்தத் தாழ்வாரங்கள் தானியத்துக்கும் ஏருக்கும் வண்டிக்கும். சங்கல்லோவுக்கும் பல்லாதியோவுக்கும் நடுவே எழுபது, எண்பது ஆண்டு இடைவெளி, வேறு மாநிலம், கணக்கு மட்டும் அதே நிலக் கணக்கு.

பிற்பாடு நடந்தது

மெடிசிகளுக்குப் பிறகு போஜ்ஜோ, டஸ்கனியை அடுத்து ஆண்ட லொரேன் குடும்பத்துக்கும், நெப்போலியன் காலத்தில் அவர் தங்கை எலிசாவுக்கும் போனது. முகப்பிலிருந்த நேரான இரண்டு படிக்கட்டுகளை எடுத்துவிட்டு, இன்று எல்லாப் புகைப்படத்திலும் தெரிகிற வளைந்த படிக்கட்டுகளை வைத்தது அந்த 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பழைய படிக்கட்டு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால், ஃபெர்டினாண்டோ அர்த்திமினோவுக்காக ஜூஸ்தோ உத்தென்ஸ் என்ற ஃபிளெமிஷ் ஓவியரிடம் வரையச் சொன்ன அரைவட்ட ஓவியங்களைப் பார்க்கலாம். மொத்தம் 17 வரைந்தார், 14 எஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு வில்லா, பறவை மேலிருந்து பார்ப்பது போல. கட்டடம் படத்தில் ஒரு சிறு பகுதிதான். மிச்சமெல்லாம் பாத்தி, மரவரிசை, பாதை, சுவர், வயல். சொத்துப் பட்டியலை வண்ணத்தில் எழுதிய மாதிரி இருக்கும்.

1919இல் போஜ்ஜோ இத்தாலிய அரசின் கைக்கு வந்தது. 2013இல் மெடிசிகளின் 12 வில்லாக்களையும் 2 தோட்டங்களையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது.

பாதி வார முறை மட்டும் அதன்பாட்டுக்கு 20ஆம் நூற்றாண்டு வரை ஓடிக்கொண்டிருந்தது. 1964இல்தான் புதிய மெட்சாத்ரியா ஒப்பந்தங்களை இத்தாலியச் சட்டம் தடை செய்தது. குடியானவக் குடும்பங்கள் ஏற்கனவே ஆலை வேலைக்கு நகரங்களை நோக்கிக் கிளம்பியிருந்தன. கீழே மாடும் மேலே மனிதர்களுமாக வாழ்ந்த அவர்களின் கல்வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிறகு வெளியூர்க்காரர்கள் வந்து வாங்கி, தொழுவத்தைக் கூடமாக்கி, களத்துமேட்டில் நீச்சல்குளம் வெட்டினார்கள். இன்று டஸ்கனியில் விடுமுறைக்கு வீடு தேடினால் அந்தக் குடியானவர் வீடுகள்தான் முதலில் வந்து நிற்கும், வார வாடகையோடு, ‘வில்லா’ என்ற பெயரில்.